ஆணி இல்லாத செருப்பு

அந்தச் செருப்பில் ஆணி கிடையாது. தைக்கலாம், பசை போட்டு ஒட்டலாம். ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. சிங்கப்பெருமாள் கோயிலில், ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து ஆயுளின் பெரும்பகுதியைச் செருப்புத் தைத்தே கழித்தவருக்கு, தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி இது. சாதாரணச் செருப்பில் ஆணி தலைதூக்கினால் போட்டிருப்பவர் 'ஸ்ஸ்' என்று காலை உதறிக்கொண்டு நின்றுவிடுவார். இவருடைய வாடிக்கையாளர்கள் நிற்க மாட்டார்கள். ஆணி ஏறிய காலோடு செங்கல்பட்டுச் சந்தைக்குப் போய், பேரம் பேசிக் காய் வாங்கி, ரயிலேறி வீடு திரும்புவார்கள். வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளை கத்தினால்தான் விஷயமே தெரியவரும்.

தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களுக்குச் செருப்புச் செய்வது அவர் தொழில். பெயர் போடக் கூடாது என்பது மட்டுமே அவர் வைத்த நிபந்தனை. "என் பேரு எதுக்குங்க, கால் அளவு வேணும்னா எழுதிக்குங்க" என்றார். வருகிறவர்கள் 'மேஸ்திரி' என்று கூப்பிடுகிறார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும். அவருடைய அப்பாவும் செருப்புத் தொழிலாளிதான். 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகு, ஊர்ப் பெருமாளை முதன்முதலாக உள்ளே போய்ப் பார்த்த தலைமுறை. ஊசி பிடிக்கவும் தோல் அறுக்கவும் மகன் கற்றது அப்பாவிடம். இந்தச் செருப்பைக் கற்றது பின்னாளில், தொழுநோய்ப் பணி செய்த ஒரு நிறுவனத்தின் பயிற்சியில்.

உள்ளங்கால் படுகிற இடத்தில் எம்.சி.ஆர். தகடு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், விட்டால் எழும்ப வேண்டும். அமுங்கியது அப்படியே கிடந்தால் அந்தத் தகடு செத்துவிட்டது, மாற்றியாக வேண்டும். அதற்குக் கீழே முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாதபடி கெட்டி ரப்பர் அல்லது பழைய டயர். குதிகாலைச் சுற்றி ஒரு வார் கட்டாயம். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் ஆளுக்குத் தெரியாது, வெறுங்காலோடு போய்க்கொண்டே இருப்பார். வாரை மாட்டக் கொக்கி வைத்தால் மடங்கிப்போன விரல்களால் போட முடியாது, ஆகவே வெல்க்ரோ. இத்தனையும் பார்த்துச் செய்த ஒரு ஜோடி, ஓர் ஆண்டு உழைத்தால் பெரிது.

இந்தச் செருப்புக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதன் முதல் காட்சி மேஸ்திரியின் அறையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நடந்தது.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-இல் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷன் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமாக மாற்றிய அதே வளாகம். 1940களில் அங்கே இருந்தவர் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், காக்ரேனைப் பார்க்கத் திருமணிக்கு வந்தார். வளாகத்தைச் சுற்றி நடக்கும்போது, விரல்கள் உள்பக்கம் மடங்கிப் போயிருந்த ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். செத்த கை, என்ன அழுத்திவிடப் போகிறது என்ற நினைப்பு. அழுத்தின வேகத்தில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை.

தசை சாகவில்லை என்று அந்தப் பிடி சொல்லிவிட்டது. அதுவரை, தொழுநோய் வந்தால் சதை தானே அழுகி விரல் உதிரும் என்றுதான் மருத்துவ உலகமும் நம்பியது. பிராண்டும் அவர் குழுவும் அடுத்த சில ஆண்டுகளில் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்ட கிருமி, உடம்பில் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது: முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால். நரம்பு போனால் வலி போகிறது. வலி போனால் சுடுசட்டியைப் பிடித்த கை விலகாது, கல் குத்திய கால் நொண்டாது. விரலைத் தின்றது நோயல்ல, கவனிக்கப்படாத காயம். அந்தக் காயம் வராமல் காக்கத்தான் இந்தச் செருப்பு. வேலூரில் சிலருக்கு ராத்திரியில் இருந்த விரல் காலையில் இல்லாமல் போனது. விழித்திருந்து பார்த்ததில் எலி கடித்துக்கொண்டு போவது தெரிந்தது. அதன் பிறகு குணமாகி ஊர் திரும்புகிற நோயாளிகள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள். மருத்துவ வரலாற்றில் பூனைக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பிராண்ட் நம்மூர்ப் பிள்ளைதான். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் இருவரும் மிஷனரிகள். படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, 1929-இல், கொல்லிமலையில் அப்பா கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் போகிற காலம் அது; செத்துப்போன அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் அதன் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்த கடிதத்தில், மலையில் குதிரையேறிப் போகும்போது கண்ட மரங்களையும் மண்ணையும் பாறையில் படர்ந்த பாசியையும் எழுதி, இப்படிப்பட்ட பூமியில் நம்மைக் கொண்டுவந்து வைத்த கடவுளுக்கு எப்போதும் நன்றியோடிரு என்று முடித்திருந்தார் ஜெஸ்ஸி. பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பையன், அப்பா போய்விட்டார் என்று தெரிந்த பிறகு அதைப் படிக்கிறான்.

அம்மா ஈவ்லின் மலையை விடவில்லை. மிஷன் வயதைக் காட்டி ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பில் மலையேறி, தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போனார். 1974-இல் இங்கேயே இறந்தார்.

இந்தக் குடும்பத்தில் நன்றி என்பது சோகத்துக்கு மருந்தாக வந்து சேர்ந்ததில்லை. சோகத்தோடு ஒரே உறைக்குள் வந்தது. பிராண்ட் பின்னாளில் வலிக்கு நன்றி சொன்னவராகப் பெயர் வாங்கியதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1950களின் தொடக்கத்தில் ஒரு பயணம் முடிந்து லண்டன் வந்த இரவு, காலணியைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார்; ஒன்றுமில்லை. தொழுநோயாளிகளோடு அத்தனை ஆண்டு பழகியவர், தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, மனைவி மக்களை எப்படிப் பிரிவது என்று விடிய விடியக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். உயிர் போகிற வலி. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலை அவர் கடவுளுக்குச் சொன்ன நன்றி, 1993-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூலின் தலைப்பு வரைக்கும் போனது: வலி, யாரும் விரும்பாத பரிசு என்று.

மேஸ்திரி அந்த நூலைப் படித்ததில்லை. ஆனால் ஊசிக் கதையைத் திருமணிப் பக்கம் வேலை பார்த்த பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். கேட்டதும் அவர் சொன்னது: "டாக்டருக்கு மறுநாள் காலையில வலி வந்துச்சு. சரி. வராதவங்க என்னான்னு நன்றி சொல்றது?"

கேள்வி நியாயமானது. நம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். நோய்க்காரர் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் நன்மைக்கே, ஆண்டவனுக்கு நன்றி சொல் என்று உபதேசிப்பது எளிது. அதே வாய்தான் இன்னொரு நாள், பூர்வஜென்ம பாவம் என்றும் சொல்லும். புராணத்தில் கண்ணன் மகன் சாம்பனுக்கே சாபத்தால் குட்டம் வந்தது என்று கதை. சட்டமும் பின்தங்கவில்லை: நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-இல் வந்த சட்டம் 2016-இல்தான் நீங்கியது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவுகள் போனது 2019-இல். இப்படி ஊரும் கதையும் சட்டமும் சேர்ந்து ஒதுக்கிவைத்த ஒருவரிடம் போய் நன்றி கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் செய்ய வேண்டியது கால் அளவு எடுப்பது.

மேஸ்திரி இதை இப்படி விரித்துச் சொல்லவில்லை. அவர் சொன்னது பைபிளில் வருகிற பத்துக் குஷ்டரோகிகள் கதை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் உள்ளது. பத்துப் பேரும் குணமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவனும் அந்நிய இனத்துச் சமாரியன். மிஷன் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் இதை வைத்துப் பிரசங்கம் நடக்கும். மீதி ஒன்பது பேருக்கும் நல்ல திட்டு விழும். ஒரு முறை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட மேஸ்திரிக்கு ஒன்பது பேர் மேல் கோபம் வரவில்லை. "பொண்டாட்டி புள்ளைங்கள எத்தினி வருஷமா பாக்கலியோ! வீட்டுக்கு ஓடியிருப்பாங்க. அது மட்டும் நன்றி இல்லியா?"

அளவு எடுக்கிற விதத்தில்தான் அவர் கெட்டிக்காரத்தனம். தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வளைத்து வரைவது எல்லாரும் செய்வது. அவர் முதலில் தன் புறங்கையை உள்ளங்காலில் வைப்பார். விரல் நுனியைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். பாதம் முழுக்கக் குளுமையாக இருந்து, கட்டைவிரலுக்குப் பின்னால் ஓரிடம் மட்டும் சுட்டால், அங்கே புண் வரப்போகிறது. தோல் இன்னும் உடையவில்லை, அவ்வளவே. அந்த இடத்துக்கு நேராகத் தகட்டைக் குடைந்து பாரத்தை வேறு பக்கம் தள்ள வேண்டும். மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவிட்டு, எங்கே கறுப்பு அதிகமாக விழுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. அவருக்குப் புறங்கை போதும்.

சுடுகிற இடத்தைக் காட்டி, ஒரு வாரம் நடக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், யாரும் உடனே கேட்பதில்லை. வலிக்காத காலுக்கு யார் லீவு போடுவார்கள்? 'நாளைக்குப் போறேன்' என்பார்கள். அவரிடம் பதில் தயார்: "நாளைன்றது நரசிம்மருக்கே கெடையாது." நரசிம்மரையே பெருமாளாகக் கொண்ட இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தூணைப் பிளந்து அந்தக் கணமே வந்தவர் அல்லவா?

புண் ஆழமானால் மாவுக்கட்டு. கட்டுப்போட்டு நடக்கவிட்டே புண்ணை ஆற்றும் முறையைக் கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே செய்துகாட்டினார். பிராண்ட் 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அதையும் கொண்டுபோனார். இன்று அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளின் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பாற்றுகிற கட்டுக்கு ஒரு கொழும்பு வழி உண்டு.

அடுத்தது கோயில். மேஸ்திரியின் தொழில் அனுபவத்தில் மிகவும் சிக்கலான பகுதி இதுதான்.

சிங்கப்பெருமாள் கோயில் என்ற பேரை ஊருக்குக் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர், ஒரு சிறு குன்றில் குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் இருக்கிறார். நெற்றியில் மூன்றாவது கண்; தீபாராதனையின்போது அர்ச்சகர் திருமண்ணை விலக்கி அதைக் காட்டுவார். கருவறையே மலைக்குள் இருப்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும். சுவாதி நட்சத்திர நாளிலும் பிரதோஷத்திலும் கூட்டம் அதிகம். எல்லாரும் வெறுங்காலோடு. உணர்ச்சி இல்லாத பாதத்துக்குச் சித்திரை மதியப் பாறை என்ன செய்யும் என்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். குணமானதற்கு நேர்ந்துகொண்டு வந்து, பொரிந்த உள்ளங்காலோடு திரும்பியவர்கள் உண்டு. தெய்வத்துக்கு நன்றி சொல்லப் போனதில் மறுபடி மூன்று மாதம் படுக்கை. திருக்கழுக்குன்றத்துப் படிகளும், மாசி ஆடி மாதங்களில் ஊர்தோறும் நடக்கும் தீமிதியும் இதே கணக்கில் சேரும்.

போகாதே என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் செருப்பை விட்டுவிட்டுப் பெருமாளிடம் போய்விடுவார்கள் என்று தெரியும். தவிர, அவர் அப்பாவிடம் ஒரு காலத்தில் ஊர் சொன்னதும் அதே சொல்தான். "வெயிலுக்கு முன்னாடி போ. இல்லாட்டி விளக்கு வெச்ச பிறகு போ. தடியா பருத்திச் சாக்ஸ் போடு. போய்ட்டு வந்து காலைத் திருப்பிப் பாரு" என்பார். சாக்ஸையும் கழற்றச் சொன்ன ஒரு கோயில் காவலாளியிடம் பெரிய வாக்குவாதம் நடந்தது. கோயில் எதுவென்று அவர் சொல்ல மறுத்துவிட்டார்.

வாசலில் விட்ட செருப்பு பற்றியும் ஒரு கதை வைத்திருக்கிறார். கோயிலில் செருப்புத் தொலைந்தால் பீடை தொலைந்தது என்பது நம்மூர் ஆறுதல். இவர் ஆட்களுக்கு அது பொருந்தாது. வெறுங்காலில் வீடு திரும்பினால் புதுப் பீடை. ஆனால் நல்லகாலம், எம்.சி.ஆர். செருப்பை யாரும் தொடுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் 'அந்தச் செருப்பு' என்று தெரிந்துவிடும். திருடனும் ஒதுக்குகிற செருப்பு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. அடையாளம் காட்டிக்கொடுக்கிறது என்று நிறையப் பேர் செருப்பைத் திண்ணைக்கடியில் ஒளித்துவிட்டு வெறுங்காலில் கல்யாணத்துக்குப் போனார்கள். கடைச் செருப்பின் ஜாடையில், பழுப்பு வாரும் தையல் ஓரமுமாக அவர் மாற்றிச் செய்யத் தொடங்கியது அதனால்தான்.

அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்லலாம். தினமும் பாதம் பார்க்க வேண்டும் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. மேஸ்திரி அதைக் கொண்டுபோய்ச் சாமியோடு சேர்த்துவிட்டார். சாயங்காலம் விளக்கேற்றியதும் அந்த வெளிச்சத்திலேயே உட்கார். உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் பார். கண் சரியில்லாதவர் பேத்தியைப் பார்க்கச் சொல். தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லில் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவு. இந்தப் பாதத்தில் வியர்வை ஊறாது, விட்டால் வெடிக்கும். புண் இல்லையென்றால் ஒரு கும்பிடு போட்டு எழுந்திரு. கிறித்தவர்கள் ராத்திரி ஜெபத்தோடு வைத்துக்கொண்டார்கள். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை: "பாய்ங்க தொழுவுறதுக்கு முன்னாடி அஞ்சு வேளையும் காலைக் கழுவுறாங்க. கழுவும்போது பாருங்கன்னேன், முடிஞ்சுது."

நன்றி சொல்லுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்க்கத்தான் சொன்னார். புண் இல்லாத நாளில் கும்பிடு தானே வந்தது.

பிராண்டின் நூல்களில் வரும் ஒரு சென்னை இளைஞர் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். வேலூரில் கைகளுக்கு அறுவை செய்துகொண்டு, பல காலம் கழித்துக் குடும்பத்தைப் பார்க்கச் சென்னைக்குப் போனார். ஒரு ராத்திரி எலி விரலைக் கடித்தது. அடுத்த ராத்திரி தூங்கக் கூடாதென்று விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தவர் கண்ணயர்ந்தார். இன்னொரு கை சூடான விளக்கில் சாய்ந்து வெந்தது. மனமொடிந்து திரும்பியவர், மீண்டு, வேலையும் பார்த்தார். வயதான பிறகு, இந்த நோய் வராதிருந்தால் பணத்தையும் பதவியையும் துரத்தியே போயிருப்பேன், இந்த மனிதர்களையும் அவர்கள் நம்பிய கடவுளையும் அறிந்திருக்க மாட்டேன், நோய் வந்ததற்கு மகிழ்கிறேன் என்றாராம். யாரும் சொல்லவைக்காமல், ஒரு முழு வாழ்க்கை கழித்து வந்த சொல் என்பதால் அதற்கு எடை இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் அப்படிப்பட்ட சொற்கள் வேறு விதமாகக் கேட்கும். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களில் மேஸ்திரிக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மதிய மணலும் கிளிஞ்சலும் அவர்களுக்குப் பெரிய எதிரி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையெங்கும் உடைந்த ஓடும் ஆணி துருத்திய பலகையுமாகக் கிடந்தது. செருப்பெல்லாம் கடலோடு போயிருந்தது. கையிலிருந்த ஜோடிகளை மூட்டை கட்டிக்கொண்டு போன அவரிடம் ஒரு வயதான மீனவர், கடலைப் பற்றி, "குடுத்ததும் அவதான், எடுத்ததும் அவதான், நான் யாரைக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். அதை நன்றி என்பதா, கைவிட்ட பேச்சு என்பதா என்று மேஸ்திரிக்கு இன்றும் தெளிவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார், அது தெளிவு.

மேஸ்திரியின் சொந்தத் துக்கம் 2021-இல் வந்தது. கொரோனா இரண்டாம் அலையில் மனைவி போய்விட்டார். வார்களுக்குத் தையல் போட்டது எப்போதும் அவர்தான். நெருக்கமாக, ஒரே சீராக விழும் தையல். அழுவதற்குக் கோயிலும் திறந்திருக்கவில்லை. ஏப்ரல் 26-இல் சாத்திய நடை ஜூலை 5-இல்தான் திறந்தது. பாதி அறுத்த தகடுகள் அறையில் அப்படியே கிடந்தன.

ஊரடங்கு தளர்ந்ததும் பரனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். சுங்கச்சாவடியில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அங்கே அரசு தொழுநோய் மறுவாழ்வு இல்லம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆயாவுக்கு விரல்கள் இல்லை. வாசலில் உட்கார்ந்து விசாரித்தார்.

"வலிக்குதா நைனா?"

"வலிக்குது ஆயா."

"வலிக்கட்டும். வலிக்கலன்னு சொல்லியிருந்தீன்னா நான் பயந்திருப்பேன்."

கேட்டதும் எரிச்சல்தான் வந்தது என்கிறார். தத்துவம் கேட்கிற மனநிலையில் அவர் இல்லை. ஆனால் ஆயாவின் செருப்பில் வார் அறுந்திருந்தது. அப்படியே அனுப்பினால் அந்தக் காலோடு ரயில் நிலையம் வரை நடந்து போவார். ஆகவே ஊசியை எடுத்தார். பழைய தையலைப் பிரித்தால்தான் புதுத் தையல் போட முடியும். பழைய தையல் மனைவி போட்டது. அதற்குப் பின் வந்த மாதங்களில், பழுதுக்கு வந்த ஒவ்வொரு ஜோடியிலும் இதே நிலைமை. பரனூர், மறைமலைநகர், கல்பாக்கம் என்று எத்தனையோ கால்களில் அந்த அம்மாவின் தையல் நடமாடிக்கொண்டிருந்தது. சில நாள் பிரிக்க மனம் வராமல் வைத்துவிட்டார். சில நாள் பிரித்துத் தைத்தார்.

நன்றி எப்போது வந்தது என்று கேட்டால் தேதி சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு சுவாதியன்று மலையைச் சுற்றி வரும்போது, எதையும் கேட்காமல் சுற்றுகிறோம் என்று தோன்றியதாம். "இத்தினி வருஷம் குடுத்தியே, சரி" என்று பெருமாளிடம் சொன்னாராம். ஏன் எடுத்தாய் என்ற கேள்வியை அவர் வாபஸ் வாங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார். பெருமாள் கோயிலில் தலைமேல் வைக்கும் சடாரி இறைவனின் பாதம். அதன் கீழே குனிகிற நேரத்தில் செருப்புத் தொழிலாளிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்.

இப்போது அவர் அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்று கணக்கிட்டது. அவர்களில் பலருக்குப் பாத நரம்பு மங்கிக்கொண்டே வரும். தகடு அதே எம்.சி.ஆர்., வார் அதே வெல்க்ரோ, ஆணி அதே போல் கிடையாது. மகேந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காரில் கூட்டிவருகிற பெற்றோருக்கு, இந்தச் செருப்பின் பூர்விகம் தொழுநோய் என்று அவர் முதலில் சொல்வதில்லை. இரண்டாம் ஜோடி வாங்க வரும்போது சொல்வார். அதற்குள் கால் பழகிவிடும்.

தொழுநோயும் ஓய்ந்துவிடவில்லை. 2005-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்ததாக நாடு அறிவித்தது உண்மை. இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புது நோயாளிகள் கண்டறியப்படுவதும் உண்மை. உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இங்கேதான்.

ஆகவே மேஸ்திரி சார்பில் நான்கு வேண்டுகோள். கோயில் நிர்வாகங்கள் வெயில் காலத்தில் பிரகாரத்திலும் மலைப்பாதையிலும் தேங்காய்நார் விரிப்புப் போட்டுத் தண்ணீர் தெளிக்கட்டும். சாக்ஸோடு வருகிறவரைத் தடுக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கோயிலுக்குப் போய் வந்த இரவு உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். உடம்பில் எங்கேனும் வெளிறிய, உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை மாத்திரை, முழுக்க இலவசம், நரம்பு கெடுவதற்குள் போனால் இந்தச் செருப்பே தேவைப்படாது.